பதின்மூன்று வயது முட்டி

கைப்பைக்குள் தைலப் புட்டி கவிழ்ந்துவிட்டது. மூடியைச் சரியாகத் திருகாமல் போட்டிருக்கிறேன். சாவி, கைக்குட்டை, விசில், வழியில் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம், எல்லாவற்றிலும் தைலம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கைக்குட்டையை முகர்ந்ததும் நீ வந்துவிட்டாய். மற்றவர்களுக்கெல்லாம் சிநேகிதியின் நினைவு மல்லிகைப் பூவோடு வருமோ என்னவோ. எனக்கு நீ எப்போதும் முட்டித் தைலத்தோடுதான் வருவாய்.

துடைப்பதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ போன பிறகு வருகிற இரண்டாவது ஆடி இது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், அந்த வாரமே இல்லாமல் போனாய். அப்போது அழுதேன், சண்டை போட்டேன், உன்னை ஏன் முன்னாலேயே கூட்டிப் போகவில்லை என்று உன் வீட்டுக்காரரிடம் கத்தக்கூடச் செய்தேன். ஆனால் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. இன்றைக்கு எழுதுவதும் துக்கத்தினால் இல்லை. வெட்கத்தினால். இதை இங்கே யாரிடம் சொல்வது? "கப்பு வாங்கிக்கினு வந்துட்டு எதுக்கு மிஸ் மூஞ்சிய இப்படி வச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்பார்கள். உனக்குத்தான் பாதி சொல்லும்போதே மீதி புரியும்.

வெள்ளிக்கிழமை சுற்றுப்பக்கப் பள்ளிகளின் குறுவட்ட விளையாட்டுப் போட்டி. எங்கள் பள்ளிக்கு ஒட்டுமொத்தக் கோப்பை கிடைத்தது. என் கையில் பவித்ரா என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பதின்மூன்று வயது. அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். எப்படி வாங்கிக் கொடுத்தாள் என்பதைச் சொல்வதற்கு முன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் தெரிந்தேதான் நடந்தது.

எட்டாம் வகுப்பில் நீ எங்கள் கணக்கு டீச்சரைவிட உயரம். பிரேயரில் நீ கடைசி வரிசை, நான் முதல் வரிசை. என்னைக் "கொசு" என்று முதலில் கூப்பிட்டது நீதான். பிறகு பள்ளிக்கூடமே கூப்பிட்டது. எனக்கு அதில் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. நீ கூப்பிட்ட பெயர் இல்லையா. உன்னோடு ஓடிப் பார்த்தால் பாதித் தூரத்திலேயே எனக்கு உன் முதுகு மட்டும்தான் தெரியும், அதுவும் சின்னதாக.

நம் பக்கத்துப் பள்ளிகளின் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒரு பிள்ளை மூன்று போட்டிகளில் கலந்துகொள்ளலாம், ரிலே அதில் சேராது. அதனால் மூன்று போட்டிக்கு மூன்று பிள்ளைகளை யாரும் தேடுவதில்லை. வகுப்பிலேயே முந்தி வளர்ந்து நிற்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து மூன்றிலும் போட்டு, ரிலேயிலும் கடைசி ஓட்டத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்குத் தனிநபர் சாம்பியன், பள்ளிக்கு ஒட்டுமொத்தக் கோப்பை. ஒரே ஆள், ஒரே நாள், எல்லாப் புள்ளியும் வந்துவிடும். அந்த வயதில் யார் முன்னால் வளர்ந்துவிட்டார்களோ அவர்கள்தான் வீராங்கனை. இதில் ஓட்டம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நீ நீளம் தாண்டி மணலிலிருந்து எழுந்து, மண்ணைக்கூடத் தட்டாமல் இருநூறு மீட்டருக்கு ஓடிப் போவாய். நான் உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். மைதானத்து ஓரத்துப் புளியமரத்தடிதான் நம் இடம். அங்கே காலை நீட்டி உட்கார்ந்து, "தேய்டி கொசு" என்பாய். முட்டிக்குக் கீழே எலும்பு கோலிக்குண்டு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். கை பட்டாலே உன் முகம் சுருங்கும். நம் பி.டி. சாரிடம் போய் நான்தான் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். "ஓடுனா சரியாப் பூடும்மா" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. மழை வந்தால் உன்னை சைக்கிளில் வைத்து வீடுவரை கொண்டுபோய் விட்டவர். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நீ ஓடினாய். ஜெயித்தாய். அடுத்த வருஷமும் ஓடினாய்.

பத்தாம் வகுப்பில் என்ன நடந்தது என்று நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. நீ வளர்ந்து முடித்திருந்தாய். மற்றவர்கள் அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தார்கள். முந்தின வருஷம்வரை உனக்கு எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்த சாலவாக்கத்துப் பெண் அன்றைக்கு உன்னைத் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். நீ நான்காவதாக வந்து, நேராகப் புளியமரத்தடிக்கு நடந்து வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "வாடி, வூட்டுக்குப் போலாம்" என்றாய். இன்னும் இரண்டு போட்டி பாக்கி இருந்தது. யாரும் நம்மைத் தேடி வரவில்லை. டவுன் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய், நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ மைதானத்துக்கு வரவேயில்லை.

நான் பதினொன்றாம் வகுப்பில்தான் வளர்ந்தேன். ஒரே கோடை விடுமுறையில் பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ரிலேக்கு ஒரு ஆள் குறைகிறது என்று என்னை இழுத்துப் போனார்கள். ஓடினால் கால் போய்க்கொண்டே இருந்தது. இருக்காதா பின்னே? அதுவரை என்னை யாரும் ஓட வைத்ததே இல்லையே. முட்டி, கணுக்கால், இடுப்பு, எல்லாம் புதுசு. மாவட்டம் போனேன், மாநிலம் போனேன். அதை வைத்து உடற்கல்விக் கல்லூரியில் இடம், அதை வைத்து இந்த அரசாங்க வேலை. வேலை ஆர்டர் வந்த அன்றைக்கு நீ கைக்குழந்தையோடு, உன்னைக் கட்டிக்கொடுத்த தாமலிலிருந்து பஸ் ஏறி வந்தாய். ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளடி கொசு, சின்ன வயசுல உன்ன எவனும் கண்டுக்கல" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

உனக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. முட்டி வீங்கிக்கொண்டது. காஞ்சிபுரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வளர்கிற வயதில் வந்த கோளாறு இது, அப்போதே கொஞ்ச காலம் ஓடாமல் இருந்திருந்தால் தானே ஆறியிருக்கும் என்றார். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ கோபப்படுவாய் என்று பார்த்தேன். "அந்த வயசுல எனுக்கு ரெஸ்டுன்னா இன்னான்னே தெரியாதுடி. ஓடாத இருந்தா வூட்ல வேல வைப்பாங்க" என்றாய், அவ்வளவுதான். பன்னை டீயில் தோய்த்துத் தின்றாய்.

அன்றைக்கு நான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் கிண்டல் செய்வாய். என் கைக்கு வருகிற சின்னப் பிள்ளைகளை ஒரு போட்டிக்கு மேல் ஓட விடுவதில்லை. எல்லாரும் எல்லா விளையாட்டும் ஆடட்டும். கோகோ, கபடி, கயிறு ஏறுதல், பந்து எறிதல், சும்மா துரத்திப் பிடித்தல். குட்டையான பிள்ளைக்கும் என் மைதானத்தில் இடம் உண்டு. வருஷக் கணக்காக அப்படித்தான் நடத்தினேன். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள். கோப்பை மட்டும் வரவில்லை.

கோப்பை வராத பி.டி. மிஸ்ஸின் பாடு உனக்குத் தெரியுமா? ஆசிரியர் கூட்டத்தில் என் முறை வரும்போது எல்லாரும் கடிகாரம் பார்ப்பார்கள். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைத்தான் முதலில் பிடுங்குவார்கள். புதுத் தலைமை ஆசிரியர் வந்ததும் கண்ணாடி அலமாரியைத் துடைக்கச் சொன்னார். துடைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே பழைய காலத்துக் கோப்பைகள்தான். "பசங்க நல்லா வெளாடுறாங்க மேடம், கண்ணால பாக்கறேன். ஆனா காட்றதுக்கு எதுனா வேணும் இல்ல?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் எனக்கு எவ்வளவு வசதி! அதனால்தான் போடக் கூடாது. அவர் கேட்டார், உண்மை. ஆனால் எனக்கே வேண்டியிருந்ததுடி. மற்றப் பள்ளி பி.டி. மிஸ்களெல்லாம் கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் போடும்போது எனக்கு வயிறு எரிந்தது. கொசு ஒரு தடவையாவது கோப்பையோடு நிற்க வேண்டும் என்று இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பவித்ரா வந்து சேர்ந்தாள்.

முதல் நாள் அவள் மைதானத்துக்கு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் உன் சாயல் இல்லை. ஆனால் அந்த உயரம், கையை வீசுகிற வீச்சு, ஓடி முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிற தோரணை. சந்தோஷப்பட்டேனா, பயந்தேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மனசுக்குள் புள்ளிக் கணக்கு மட்டும் தானாக ஓடிற்று.

நூறு, இருநூறு, நீளம் தாண்டுதல், ரிலே. நானேதான் நிரப்பிக் கொடுத்தேன். எந்தப் பழக்கத்தை வாழ்நாள் முழுக்கத் திட்டினேனோ அதே பழக்கம். இந்த ஒரு வருஷம் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தெருக் கோவிலில் வார்த்த கூழை மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தாள். வெயில் ஏற ஏற நூறும் இருநூறும் ஜெயித்தாள். நீளம் தாண்டுதலில் மூன்றாவது முறை மணலில் விழுந்தவள் உடனே எழுந்திருக்கவில்லை. எழுந்து என்னிடம் நொண்டிக்கொண்டு வந்தாள். "மிஸ், முட்டி வலிக்குது மிஸ். ஒரு மாசமாவே வலிக்குது" என்றாள். ஒரு மாசமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க திட்டுவீங்கன்னு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். முட்டிக்குக் கீழே அதே இடத்தில் அதே புடைப்பு. கல்லூரியில் படித்ததோ, டாக்டர் சொன்னதோ எனக்குத் தேவைப்படவில்லை. என் விரலுக்கே தெரியும். சின்ன வயதில் எத்தனை நாள் தடவியிருக்கிறேன்.

ரிலே மட்டும் பாக்கி. எங்களுக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் புள்ளியில் கிட்டத்தட்ட ஒன்றும் வித்தியாசம் இல்லை. ரிலே ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. தலைமை ஆசிரியர் பந்தலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒரு பிள்ளையை நிறுத்தியிருக்கலாம், இரண்டு பேர் தயாராக நின்றார்கள். நான் கைப்பையைத் திறந்து தைலத்தை எடுத்தேன். தேய்த்தேன். துணியால் கட்டினேன். பிறகு அவள் தோளைத் தட்டி, "ஓடுனா சரியாப் போயிடும்மா" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால், கொஞ்சம்கூட நாக்குக் கூசாமல்.

அவள் ஓடினாள். கடைசி ஓட்டத்தில் பின்னாலிருந்து வந்து ஜெயித்தாள். கோட்டைத் தாண்டியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் ஓடிப் போய் அவளைத் தூக்கினார்கள். நான் அவளிடம் போவதற்கு முன்னால் பந்தல் பக்கம் திரும்பி, தலைமை ஆசிரியர் கை தட்டுகிறாரா என்று பார்த்தேன். இது யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன். படம் எடுத்தார்கள். அதில் பவித்ரா ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறாள். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.

சனிக்கிழமை முழுக்க வாழ்த்து வந்துகொண்டே இருந்தது. சாயந்தரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் காலைத்தான் பார்க்க முடிந்தது. மாவட்டப் போட்டிக்கு நாளை பெயர் கொடுக்க வேண்டும். அவளை மூன்றிலும் போடச் சொல்லித் தலைமை ஆசிரியர் போன் செய்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு ஆச்சரியம்.

இன்றைக்குக் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாலவாக்கம் தாண்டி ஏரிக்கரையை ஒட்டின தெரு. அவள் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். "வாங்க மிஸ், குந்துங்க. தோ டீ போட்டுக்கினு வரேன். டிஸ்டிரிக்குக்கு எப்ப மிஸ் கூட்டிக்கினு போவீங்க? தெரு ஃபுல்லா சொல்லி வச்சிக்கீறேன்" என்றார். பவித்ரா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் மஞ்சள் பத்து.

கூட்டிப் போகப் போவதில்லை என்று சொன்னேன். முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும், நானே வந்து கூட்டிப் போகிறேன், அதுவரை ஓட வேண்டாம், சில மாதங்கள்கூட ஆகலாம், இப்போது விட்டால் பெரியவளான பிறகு நன்றாக ஓடுவாள் என்றெல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டார். முகம் மாறிவிட்டது.

"வெள்ளிக்கெயம ஓட வச்சீங்களே மிஸ், அன்னிக்கு இந்த டாக்டரு எங்க போயிருந்தாரு?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தப்பு என்னுதும்மா" என்றேன். "கப்புக்கு ஆசப்பட்டுட்டேன்." அவர் உள்ளே போனார். டீ வந்தது. அதைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்து வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அதனாலேயே உட்கார்ந்து முழுக்கக் குடித்தேன்.

கிளம்பும்போது பவித்ரா நொண்டிக்கொண்டே வண்டிவரைக்கும் வந்தாள். வேண்டாம் போம்மா என்றாலும் கேட்கவில்லை. அழுவாள், கெஞ்சுவாள், ஒரே ஒரு போட்டி என்பாள் என்று நினைத்து அதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், நான் ஓடலன்னாலும் என்னாண்ட பேசுவீங்களா?"

"பேசுவேன்டி, பேசாம இன்னா" என்று அவசரமாகச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், அப்போதே ஏதாவது பேசிவிட வேண்டும் என்று இருந்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதுவும் வரவில்லை. இத்தனை மாதத்தில் ஓட்டத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவளிடம் நான் பேசியதில்லை. அவளுக்கு என்ன பாடம் பிடிக்கும், வகுப்பில் யார் சிநேகிதி, ஒன்றும் தெரியாது. காலை எப்படித் தூக்குகிறாள் என்று மட்டும் தெரியும். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு, "சரி மிஸ், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நாளைக்கு அவள் பெயரைக் கொடுக்க மாட்டேன். தலைமை ஆசிரியரிடம் என்ன வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டுமோ வாங்கிக்கட்டிக்கொள்கிறேன், அது பெரிய விஷயம் இல்லை. காலையில் பிரேயர் முடிந்ததும் அவள் என் எதிரில் வருவாள். அவளிடம் என்ன பேசுவது என்றுதான் மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்க எனக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை. நீ ஓடுவதை நிறுத்தின அந்த நாட்களில், யாராவது வந்து உன்னிடம் என்ன பேசியிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும்? பஸ்ஸில் பக்கத்து சீட்டிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நாள்கூட உன்னிடம் கேட்கவில்லை.